தங்கை விட்டுச்சென்ற இரண்டு பிள்ளைகள்: அரசிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தையல் தொழில் செய்யும் 44 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தங்கை கணவர் வடமாநிலம் ஒன்றில் முறுக்குக் கம்பெனி நடத்தியவர், 2019இல் இறந்தார். தங்கை சென்ற ஆண்டு ஆவணியில் இறந்தார். இருவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. மூத்தவளுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. அவளுக்குத் தொற்று இல்லை. இளையவனுக்கு ஒன்பது வயது. பிறந்தபோதே தொற்று, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் கூட்டு மருந்து வாங்கிச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறான். "மருந்து டப்பாவோடு ஊருக்குத் திரும்பும்போது, பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மூத்தவள் நகத்தால் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை" என்று எழுதுகிறார்.

பிள்ளைகளின் பெரியப்பா வீட்டைப் பூட்டிவிட்டார். பத்திரமும் பட்டாவும் உள்ளே இருக்கிற டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. ஒன்றேகால் ஏக்கர் மானாவாரி நிலத்தை விற்க ஆள் பார்க்கிறார். "அப்பன் வழிச் சொந்தம் நான்தான், கார்டியன் நான்தான்" என்கிறார். பள்ளியில் பையனைத் தனி பெஞ்சில் உட்காரவைத்து, "டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி வா" என்கிறார்கள். தங்கை இறப்பதற்குப் பத்து நாள் முன்பு, பையனின் நாலு கோடு நோட்டில், "என் ரெண்டு பிள்ளைகளையும் என் அக்கா வளர்க்கணும், அவளே கார்டியன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரும் தபால்காரரும் அங்கேயே இருந்து, கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

வரும் திங்கட்கிழமை இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போகிறாராம். அடுத்த கிராம சபையிலும் பேசப்போகிறாராம். "ஐ.நா. சபையில் இந்தியா வாக்குக் கொடுத்திருக்கிறதாமே, அதை வைத்து ஹைகோர்ட்டில் வழக்குப் போடலாமா? அரசாங்கம் இரக்கப்பட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானா, கேட்பதற்கு எங்களுக்கு உரிமை உண்டா?" என்று கடிதத்தை முடிக்கிறார்.

அன்புச் சகோதரி,

உரிமை உண்டு. அரசு சட்டமாகவே எழுதிக் கையெழுத்திட்ட கடன் இது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் உள்ள அநேகமாக எல்லாத் துயரத்துக்கும் அதில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆகவே கெஞ்ச வேண்டியதில்லை. பிரிவு எண்ணைப் போட்டு எழுதிக் கேளுங்கள்.

ஆனால் இந்தத் திங்கட்கிழமை போகாதீர்கள்.

பிள்ளைகளை முன்னிறுத்தாதீர்கள்

மக்கள் குறைதீர்க்கும் நாளில் மதுரை ஆட்சியர் அலுவலகம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வாசலில் மனு எழுதுபவரிடம் கதையைச் சொல்ல வேண்டும். பின்னால் நிற்கிறவர்கள் காதில் அது விழும். பதிவு செய்யும் மேசையில் ஒருவர் படிப்பார். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தாய், வேறு வழி தெரியாமல், இப்படித்தான் மகனோடு போய் நின்றார். மறுநாள் படம் வந்தது. முகத்தை மறைத்துத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பையனின் கட்டம் போட்ட சட்டையை ஊரே அறியும். மனுவில் கேட்ட உதவியும் கிடைத்தது. அந்த உதவியை வாங்கிக்கொண்டு அவர்கள் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. அந்தத் தாயின் வழக்கை நடத்திய வழக்கறிஞன் நான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் மூத்தவள் லேபிளைச் சுரண்டுவது சட்டத்துக்குத் தெரிந்த பயம்தான். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றத்தில்கூடப் பெயரை மறைத்து வழக்கு நடத்த 34ஆம் பிரிவு வழிசெய்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிட்டால் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இந்தக் காப்பையெல்லாம் நீங்களே கழற்றிக் கொடுத்துவிடக் கூடாது. வெளியே போன செய்தியைத் திரும்ப அழைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது.

அதனால் காரியத்தை இரண்டாகப் பிரியுங்கள். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கான மனு வேறு. இப்படிப்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்குமான கோரிக்கை வேறு. முதலாவதில் பெயர் இருக்கும், கூட்டம் இருக்கக் கூடாது. இரண்டாவதில் கூட்டம் இருக்கலாம், பெயர் இருக்கக் கூடாது.

அந்த நோட்டுப் பக்கம்

உங்கள் கடிதத்தைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் இதுதான். அதை நீங்கள் ஒரு நினைவுப் பொருளைப்போலச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். அம்மா, அது உயில்.

உயிலுக்கு முத்திரைத் தாளும் பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்திட வேண்டும். அதைப் பார்த்த சாட்சிகள் இருவர், அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். நீங்கள் சொல்வதுபோல் பக்கத்து வீட்டுக்காரரும் தபால்காரரும் அங்கே இருந்தே கையெழுத்திட்டிருந்தால் அது போதும். கணவரை இழந்த தாய் தன் பிள்ளைகளுக்கு உயில் மூலம் பாதுகாவலரை நியமிக்கலாம் என்று 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்), பாதுகாவலர் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. எச்.ஐ.வி. சட்டத்தின் 33ஆம் பிரிவு அதையே இன்னும் தெளிவாக, இந்தக் குடும்பங்களுக்கென்றே சொல்கிறது. தாயின் அக்கா என்பதால் உங்களுக்கு உரிமை குறைவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் தங்கை அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நோட்டிலிருந்து பக்கத்தைக் கிழிக்காதீர்கள். லேமினேஷன் செய்துவிடாதீர்கள்; மையை ஆராய வேண்டி வந்தால் சிக்கல். நோட்டோடு அப்படியே உறையில் வையுங்கள். இரண்டு சாட்சிகளின் முழு முகவரியையும் இன்றே குறித்துக்கொள்ளுங்கள். யாராவது மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் இதை வைத்துப் பாதுகாவலர் உத்தரவு பெறலாம்.

பெரியப்பாவைப் பற்றி. "அப்பன் வழிச் சொந்தம்தான் கார்டியன்" என்பது ஊரில் எல்லோரும் நம்புவது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தன்னைத்தானே பாதுகாவலர் என்று சொல்லிக்கொள்பவர் இளவர் சொத்தை விற்கவே முடியாது என்று அதே 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு தடுக்கிறது. இன்னொன்று: அந்த நிலம் முறுக்குக் கம்பெனி வருமானத்தில் வாங்கியது என்கிறீர்கள். அப்படியானால் வாரிசுகள் மனைவி, இரண்டு பிள்ளைகள், அவருடைய தாய். அண்ணன் அந்த வரிசையில் இல்லை.

ஆனால் ஒரு விஷயம் கடிதத்தில் இல்லை: பிள்ளைகளின் அப்பத்தா எப்போது இறந்தார்? மகனுக்கு முன்பே என்றால் பெரியப்பாவுக்கு ஒன்றுமில்லை. மகனுக்குப் பிறகு என்றால், அப்பத்தாவுக்கு வந்த கால் பங்கில் பாதி பெரியப்பாவுக்குப் போகும். அதாவது, அப்பத்தாவுக்கு வேறு மக்கள் இல்லையென்றால், மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு பேசுங்கள். எட்டில் ஒன்றை ஒப்புக்கொள்கிறவர் மீதி ஏழுக்கு உறுதியாக நிற்க முடியும். அவரும் அண்ணன்தான்; அவர் வீட்டில் ஒரு முறை பெரியவர் ஒருவரை வைத்துப் பேசிப் பார்ப்பதில் தவறில்லை. பட்டா மாறுதலுக்கு ஆட்சேபணை மனுவை மட்டும் பேச்சுக்கு முன்பே வட்டாட்சியரிடம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். தங்கைக்கும் தங்கை கணவருக்கும் தனித்தனி வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

பூட்டிய வீட்டுக்கு எச்.ஐ.வி. சட்டத்தின் 16ஆம் பிரிவு. எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தையை வீட்டைவிட்டு வெளியேற்றினாலோ, வீட்டில் அத்துமீறினாலோ, சிறார் நீதிச் சட்டப்படி மாவட்டத்தில் அமைந்த குழந்தைகள் நலக் குழுவிடம் புகார் செய்யலாம். சொத்துப் பத்திரங்களை அந்தக் குழுவிடமே பாதுகாப்பாக ஒப்படைக்கவும் செய்யலாம். அநேகம் பேருக்கு, வழக்கறிஞர்களுக்கும்கூட, இந்தப் பிரிவு இருப்பதே தெரியாது.

குழுவிடம் போனால் பிள்ளைகளை இல்லத்தில் போட்டுவிடுவார்களோ என்ற உங்கள் பயம் புரிகிறது. சிறார் நீதிச் சட்டம் இல்லத்தைக் கடைசிப் புகலிடமாகத்தான் வைத்திருக்கிறது. வளர்க்கத் தகுதியும் மனமும் உள்ள உறவினர் இருக்கும்போது அவரிடமே ஒப்படைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. பிள்ளைகளின் கருத்தையும் கேட்பார்கள். மூத்தவள் பேசட்டும், அவளுக்குச் சொல்லத் தெரியும்.

தொற்று இல்லாத பெண்ணும் சட்டத்துக்குள்தான்

கடிதம் முழுக்கப் பையனுக்காகவே கேட்கிறீர்கள். "மூத்தவளுக்கு நோய் இல்லை, அவளுக்கு எதுவும் கிடைக்காது" என்பது தவறான எண்ணம். பெற்றோரை எய்ட்ஸால் இழந்த, பதினெட்டு வயதுக்குக் குறைந்த எவரும் சட்டத்தின்படி "பாதிக்கப்பட்ட குழந்தை"தான். அவள் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று சட்டம் கேட்கவில்லை.

தம்பியின் மருத்துவத்துக்கு அவள் கையெழுத்திடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பன்னிரண்டு வயது நிறைந்து, குடும்பத்தை நடத்திச் செல்லும் முதிர்ச்சியுள்ள பிள்ளை தன் உடன்பிறப்புக்குப் பாதுகாவலராகலாம் என்று எச்.ஐ.வி. சட்டத்தின் 32ஆம் பிரிவு சொல்கிறது. பெரியவர் யாருமே இல்லாத வீடுகளுக்காக எழுதிய பிரிவு அது. நீங்கள் இருக்கிறீர்கள். அவள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதட்டும்.

பள்ளிக்கூடம்

படிப்பைத் தொடர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்குவதும், பையனைத் தனியே உட்காரவைப்பதும் எச்.ஐ.வி. சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்ட பாகுபாடு. ஆனால் முதல் கடிதத்திலேயே அந்தச் சட்டத்தின் பெயரைப் போட்டால், அவர்கள் சந்தேகத்தை நீங்களே உறுதி செய்ததாகிவிடும். ஆகவே கல்வி உரிமைச் சட்டத்தைப் பிடியுங்கள். பிள்ளையை மனத்தளவில் துன்புறுத்துவதை அதன் 17ஆம் பிரிவு தடுக்கிறது. தலைமையாசிரியருக்கு இரண்டே வரி எழுதுங்கள்: "என் மகனைத் தனியே உட்காரவைக்கும் காரணத்தையும், கேட்கும் சான்றிதழ் எந்த அரசாணையின்படி என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும்." பெரும்பாலும் அத்தோடு பெஞ்ச் மாறிவிடும். மாறாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர், அதற்கும் பிறகு குழந்தைகள் நலக் குழு. வாய்மொழியாக யார் கேட்டாலும் "ஆம்" என்றும் சொல்ல வேண்டாம், "இல்லை" என்றும் சொல்ல வேண்டாம்.

ஒன்பது வயதுப் பையன் தன் மாத்திரை எதற்கு என்று கேட்கத் தொடங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகரோடு சேர்ந்து, படிப்படியாகச் சொல்லுங்கள். வகுப்பில் ஒருவன் சொல்லி அவன் தெரிந்துகொள்ளக் கூடாது.

பணம்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒரே மனுவாக, மூடிய உறையில், நேரில் கொடுங்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய், பதினெட்டு வயது வரை. இரண்டையும் குறிப்பிட்டே கேளுங்கள். எதற்குத் தகுதி என்பதை அலகு எழுத்தில் சொல்லட்டும். பெற்றோர் இருவரும் இல்லை என்பதே இரண்டுக்கும் போதுமான காரணம். என்ன நோயால் இறந்தார்கள் என்று எழுத வேண்டியதில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடம் ஒன்றுதான்: எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழக அரசு 2009இல் அமைத்த அறக்கட்டளை. அதற்கு ஏ.ஆர்.டி. மையத்திலோ மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகிலோ கேளுங்கள். அங்கே ஏற்கெனவே விவரம் தெரியும்.

கொடுத்த வாக்கைக் கேட்பது

இனி உங்கள் பெரிய கேள்வி. நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 2001 ஜூனில் ஐ.நா. பொதுச் சபை எய்ட்ஸுக்காகவே ஒரு சிறப்புக் கூட்டம் நடத்தி, உறுதிமொழிப் பிரகடனம் ஒன்றை ஏற்றது. இந்தியாவும் அதில் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கென்று 2003க்குள் தேசியக் கொள்கை வகுக்க வேண்டும், 2005க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று அது நாள் குறித்தது. பள்ளி, தங்குமிடம், சத்துணவு, மருத்துவம், மன ஆறுதல் எல்லாம் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக. அந்தப் பட்டியலிலேயே பரம்பரைச் சொத்தை இழக்காமல் காப்பதும் இருக்கிறது. உசிலம்பட்டியில் உங்கள் தங்கை வீட்டில் தொங்கும் பூட்டைப் பற்றித்தான் அந்த வரி பேசுகிறது.

ஆனால் அது பிரகடனம், உடன்படிக்கை அல்ல. அதை மட்டும் வைத்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுப் போட்டால் நிற்காது. அந்த வாக்கு நம் ஊர்ச் சட்டமாக மாறிய இடத்தைத்தான் பிடிக்க வேண்டும். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கும் அவர்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் நலத்திட்டங்கள் வகுக்க வேண்டும் என்று எச்.ஐ.வி. சட்டத்தின் 15ஆம் பிரிவு மத்திய, மாநில அரசுகளைக் கட்டாயப்படுத்துகிறது. ஒவ்வொரு மாநிலமும் குறைகேட்பு அதிகாரியை, அதாவது ஒம்பட்ஸ்மேனை, நியமிக்க வேண்டும் என்கிறது 23ஆம் பிரிவு. பிரகடனத்தை மனுவின் முன்னுரையில் வையுங்கள். கோரிக்கையைப் பிரிவுகளின் மேல் நிறுத்துங்கள்.

"இப்போதெல்லாம் அப்படிப் பிள்ளைகள் குறைவு" என்ற பதில் வரும். குறைவுதான். 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய பிறகு எத்தனையோ தாய் தகப்பன்மார் உயிரோடு இருந்து பிள்ளைகளை வளர்க்கிறார்கள். இந்தியாவில் தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். அதன் பிறகு தமிழ்நாடு செய்த வேலை பெருமைப்படத்தக்கது. ஆனால் எண்ணிக்கை குறைந்தால் வாக்கை நிறைவேற்றும் செலவும் குறைகிறது என்றுதான் அர்த்தம். 2021இல் கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம், ஒருவரை இழந்த பிள்ளைக்கு 3 லட்சம் ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. மிகச் சரியான முடிவு. அப்போது மனதார வாழ்த்தினேன். அதே ஊரில், அதே தெருவில், இன்னொரு நோயால் இருவரையும் இழந்த பிள்ளைக்கு ஏன் அந்தக் கணக்கு வரவில்லை? இதைக் கேட்க எனக்கு வெட்கமில்லை. உங்களுக்கும் வேண்டாம்.

கிராம சபையில் "எய்ட்ஸ்" என்ற சொல்லை நீங்கள் எடுத்தால், எந்த வீடு என்று மறு நிமிடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அங்கே "பெற்றோரை இழந்த எல்லாப் பிள்ளைகளின் பட்டியலையும் ஊராட்சியின் குழந்தைகள் பாதுகாப்புக் குழு எடுக்க வேண்டும்" என்று மட்டும் தீர்மானம் கேளுங்கள். உங்கள் மகளிர் குழுவில் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் போதும். எய்ட்ஸ் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டியதை, தொற்றுள்ளோர் கூட்டமைப்பு தன் கடிதத்தாளில் கேட்கட்டும். ஏ.ஆர்.டி. மையத்தில் விசாரித்தால் தொடர்பு கிடைக்கும்.

அதோடு ஒரு தகவல் உரிமை மனு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, முப்பது நாள் கெடு. நானே என் பெயரில் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்துக்கு அனுப்புகிறேன். உங்கள் ஊர்ப் பெயர்கூட அதில் வராது. கேள்விகள் இவை: தமிழ்நாட்டின் ஒம்பட்ஸ்மேன் யார், அலுவலகம் எங்கே, 15ஆம் பிரிவின்படி பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு வகுக்கப்பட்ட திட்டங்கள் எவை, கடந்த மூன்று ஆண்டுகளில் மதுரை மாவட்டத்தில் 2009ஆம் ஆண்டு அறக்கட்டளையிலிருந்து உதவி பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர், விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், என்ன காரணத்தால்? பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். அந்தப் பதில் கைக்கு வந்த பிறகு மதுரைக் கிளைக்குப் போவதைப் பற்றிப் பேசலாம். அப்போது நம்மிடம் அரசே கொடுத்த காகிதம் இருக்கும்.

இதற்கிடையில் உங்கள் காரியத்துக்கு வழக்கறிஞர் செலவு வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தரும். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். குழந்தைகளுக்கு அவசரம் என்றால் 1098.

அடுத்த முறை மருந்து வாங்க மதுரைக்கு வருவீர்கள் அல்லவா, அன்றைக்கே அந்த நாலு கோடு நோட்டையும் இரண்டு இறப்புச் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். பிள்ளைகளின் பள்ளி நாளாக இருந்தால் நீங்கள் மட்டும் வந்தால் போதும்.